கையடக்கச் சீரொளிகளுக்கான லித்தியம் மின்கலங்கள்

கையடக்கச் சீரொளிகளுக்கான லித்தியம் மின்கலங்கள் என்பவை, கையில் பிடித்து இயக்கும் உயர்திறன் லேசர் கருவிகளுக்கு மின்னாற்றல் வழங்கும், மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய லித்தியம் அயனி மின்கலங்கள் ஆகும். 18650 என்னும் உருளை வடிவ மின்கலம் இவற்றுள் மிகவும் பரவலானது. இதே மின்கலம் கைவிளக்குகள், மடிக்கணினிகள், மின் கருவிகள், மின்சார ஊர்திகள் ஆகியவற்றிலும் பயன்படுகிறது. சிறிய இடத்தில் பெரும் ஆற்றலைச் சேர்த்து வைப்பது இதன் சிறப்பாகும். தவறான மின்கலத்தைத் தெரிவு செய்தாலோ தவறாகக் கையாண்டாலோ அந்த ஆற்றல் சில நொடிகளில் வெளிப்பட்டுத் தீ, வெடிப்பு, நச்சுவளி ஆகியவற்றுக்குக் காரணமாகலாம். அனைத்துப் பக்கங்களிலும் மூடப்பட்ட உலோகக் குழாய்க்குள் மின்கலம் அமைவதால் கையடக்கச் சீரொளியில் இந்த இடர் கூடுதலாகும்.

சீரொளியும் மின்தேவையும்

சீரொளிக் கருவிகள் அவற்றின் ஒளித்திறனைக் கொண்டு வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. கட்புலனாகும் தொடர் ஒளிக்கு 1 மில்லிவாட் வரை வகுப்பு 2, 5 மில்லிவாட் வரை வகுப்பு 3ஆர், 500 மில்லிவாட் வரை வகுப்பு 3பி, அதற்கு மேற்பட்டவை வகுப்பு 4 ஆகும். வகுப்பறையில் பயன்படும் சுட்டுக்கோல் சீரொளிக்குச் சிறிய பொத்தான் மின்கலங்களோ சாதாரண 1.5 வோல்ட் மின்கலங்களோ போதும். உயர்திறன் கையடக்கச் சீரொளி என்பது பொதுவாக வகுப்பு 3பி, வகுப்பு 4 ஆகியவற்றைச் சார்ந்த கருவிகளைக் குறிக்கும். 2010 ஆம் ஆண்டில் ஆங்காங் நிறுவனம் ஒன்று, ஒளிப்படவீழ்த்திகளுக்காக உருவாக்கப்பட்ட 445 நானோமீட்டர் நீலச் சீரொளி டயோடைக் கொண்டு ஏறத்தாழ 1 வாட் திறனுடைய கையடக்கக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பின்னர் இவ்வகைக் கருவிகள் பொதுமக்களிடையே பரவின.

சீரொளி டயோடு தான் பெறும் மின்னாற்றலில் ஒரு பகுதியை மட்டுமே ஒளியாக மாற்றுகிறது. எஞ்சியது வெப்பமாகிறது. நீல டயோடு இயங்குவதற்கு ஏறத்தாழ 4 முதல் 5 வோல்ட் மின்னழுத்தம் தேவை. ஒற்றை லித்தியம் மின்கலம் தருவது சராசரியாக 3.7 வோல்ட் மட்டுமே. எனவே மின்னழுத்தத்தை உயர்த்தும் இயக்கிச் சுற்று ஒன்று இடையில் அமைக்கப்படுகிறது. மின்னழுத்தம் உயர்த்தப்படும் போது மின்கலத்திலிருந்து எடுக்கப்படும் மின்னோட்டம் டயோடின் மின்னோட்டத்தை விட மிகுதியாக இருக்கும். மின்கலத்தைத் தெரிவு செய்வோர் பலர் கவனிக்கத் தவறுவது இதுவே.

எடுத்துக்காட்டாக, 4.5 வோல்ட்டில் 1 ஆம்பியர் பெறும் நீல டயோடு 4.5 வாட் மின்திறனைப் பயன்படுத்துகிறது. இயக்கிச் சுற்றின் பயனுறுதிறன் 85 விழுக்காடு எனக் கொண்டால், மின்கலம் வழங்க வேண்டிய திறன் 4.5 ÷ 0.85 = 5.3 வாட் ஆகும். மின்கலம் 3.7 வோல்ட்டில் இருக்கும் போது 1.4 ஆம்பியரும், அது தீர்ந்து 3.0 வோல்ட்டுக்கு இறங்கும் போது 1.8 ஆம்பியரும் எடுக்கப்படும். டயோடின் மின்னோட்டம் 3 ஆம்பியர் எனில் தேவையான திறன் ஏறத்தாழ 15.9 வாட் ஆகும். அப்போது மின்னோட்டம் 3.7 வோல்ட்டில் 4.3 ஆம்பியராகவும், 3.0 வோல்ட்டில் 5.3 ஆம்பியராகவும் அமையும். அதாவது மின்கலம் தீரத் தீர அதன் மீதான சுமை கூடுகிறது. ஆகவே மின்கலத்தைத் தெரிவு செய்யும் போது குறைந்த மின்னழுத்தத்தில் ஏற்படும் மின்னோட்டத்தையே கணக்கில் கொள்ள வேண்டும்.

வரலாறு

லித்தியம் கோபால்ட் ஆக்சைடை நேர்மின்வாயாகப் பயன்படுத்தலாம் என்பதை ஜான் குட்இனஃப் குழுவினர் 1980 ஆம் ஆண்டில் ஆக்சுபோர்டில் கண்டறிந்தனர். 1991 ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தை வணிக முறையில் வெளியிட்டது. 2019 ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு குட்இனஃப், இசுட்டான்லி விட்டிங்காம், அக்கிரா யோசினோ ஆகிய மூவருக்கும் இம்மின்கலத்தின் உருவாக்கத்துக்காக வழங்கப்பட்டது.

இவ்வரலாற்றில் தமிழர் ஒருவருக்கும் பங்கு உண்டு. தென் தமிழ்நாட்டின் அமரபுரம் என்னும் சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் பயின்ற அருமுகம் மந்திரம், 1980களில் குட்இனஃபுடன் இணைந்து ஆய்வு செய்தார். சல்பேட்டு போன்ற பல்லணு எதிரயனிகளைக் கொண்ட இரும்புச் சேர்மங்களில் மின்னழுத்தம் உயர்வதை இவர்கள் எடுத்துக்காட்டினர். குட்இனஃப் குழுவில் 1990களில் உருவான லித்தியம் இரும்புப் பாசுபேட்டும் பல்லணு எதிரயனி வகையைச் சார்ந்ததே ஆகும். இன்று கிடைக்கும் லித்தியம் மின்கலங்களில் வெப்பத்தை நன்கு தாங்கும் வகைகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. 2019 ஆம் ஆண்டு இசுட்டாக்கோமில் குட்இனஃபின் நோபல் உரையை அவர் சார்பில் மந்திரமே நிகழ்த்தினார்.

தமிழ்நாட்டில் இத்துறை ஆய்வுக்கு முதன்மையான இடம் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் ஆகும். வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்திலும் நன்கொடையிலும் உருவான இவ்வாய்வகம் 1953 ஆம் ஆண்டு சனவரியில் திறந்து வைக்கப்பட்டது. லித்தியம் அயனி மின்கலங்களை உள்நாட்டிலேயே செய்வதற்கான தொழில்நுட்பத்தை இது உருவாக்கி, 2018 ஆம் ஆண்டில் தனியார் நிறுவனம் ஒன்றுடன் தொழில்நுட்ப மாற்ற ஒப்பந்தம் செய்துகொண்டது.

அமைப்பு

உருளை வடிவ மின்கலத்தினுள் நேர்மின்வாயும் எதிர்மின்வாயும் மெல்லிய தகடுகளாக, இடையே பிரிப்பான் ஒன்றை வைத்துப் பாய் போலச் சுருட்டப்பட்டுள்ளன. எதிர்மின்வாய் செப்புத் தகட்டின் மீது பூசப்பட்ட கிராபைட்டு ஆகும். நேர்மின்வாய் அலுமினியத் தகட்டின் மீது பூசப்பட்ட உலோக ஆக்சைடு அல்லது பாசுபேட்டு ஆகும். பிரிப்பான் என்பது நுண்துளைகள் கொண்ட பாலியெத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன் படலம். இதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கு அளவே ஆகும். சில மின்கலங்களில் இப்படலத்தின் மீது அலுமினியம் ஆக்சைடு என்னும் பீங்கான் பொருள் பூசப்படுகிறது. படலம் வெப்பத்தில் சுருங்கினாலும் பீங்கான் பூச்சு மின்வாய்களை ஒன்றோடொன்று தொடாமல் காக்கும். லித்தியம் உப்பு கரைந்த, எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பான் மின்பகுளியாக உள்ளது.

மின்கலத்தின் வெளிக்கூடு முழுவதும் எதிர்முனை ஆகும். மேலே நடுவில் உள்ள குமிழ் மட்டுமே நேர்முனை. இரண்டையும் பிரிப்பவை ஒரு சிறிய காப்பு வளையமும் மேலே சுற்றிய நெகிழி உறையுமே. உறை கிழிந்த மின்கலத்தை உலோகக் குழாய்க்குள் இடுவது எந்நேரமும் குறுக்குச்சுற்று ஏற்பட வழிவகுக்கும். தரமான மின்கலங்களின் மூடியினுள் அழுத்தம் கூடினால் மின்தொடர்பைத் துண்டிக்கும் அமைப்பும், வளியை வெளியேற்றும் துளையும் உள்ளன. போலி மின்கலங்களில் இவை இல்லாமலும் இருக்கலாம்.

அளவுகள்

உருளை மின்கலத்தின் எண்ணே அதன் அளவைக் குறிக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் விட்டத்தையும் அடுத்த இரண்டு இலக்கங்கள் நீளத்தையும் மில்லிமீட்டரில் சுட்டும். இறுதியில் உள்ள சுழி உருளை வடிவத்தைக் குறிக்கும்.

* 10440: 10 மி.மீ. விட்டம், 44 மி.மீ. நீளம். மிகச் சிறிய 1.5 வோல்ட் மின்கலத்தின் அளவு.
* 14500: 14 மி.மீ. விட்டம், 50 மி.மீ. நீளம். சுவர்க் கடிகாரத்தில் இடும் மின்கலத்தின் அளவு. கொள்ளளவு ஏறத்தாழ 700 முதல் 1000 மில்லியாம்பியர்-மணி.
* 16340: 16 மி.மீ. விட்டம், 34 மி.மீ. நீளம். கொள்ளளவு ஏறத்தாழ 700 மில்லியாம்பியர்-மணி.
* 18650: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். கொள்ளளவு 2000 முதல் ஏறத்தாழ 3500 மில்லியாம்பியர்-மணி வரை.
* 21700: 21 மி.மீ. விட்டம், 70 மி.மீ. நீளம். கொள்ளளவு ஏறத்தாழ 4000 முதல் 5000 மில்லியாம்பியர்-மணி.
* 26650: 26 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். கொள்ளளவு ஏறத்தாழ 5000 மில்லியாம்பியர்-மணி.

14500 மின்கலமும் சாதாரண 1.5 வோல்ட் மின்கலமும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஆனால் முன்னதன் மின்னழுத்தம் 3.7 வோல்ட் ஆகும். வீட்டில் இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தால், குழந்தைகளின் விளையாட்டுப் பொருளிலோ கடிகாரத்திலோ இதனைத் தவறுதலாக இட நேரிடும். அதே போல 16340 அளவில் சிஆர்123ஏ என்னும் மின்னேற்ற முடியாத 3 வோல்ட் லித்தியம் மின்கலமும் விற்கப்படுகிறது. இதனை மின்னேற்றியில் இடுதல் வெடிப்பில் முடியக்கூடும்.

வேதி வகைகள்

மின்கல எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்துகள் நேர்மின்வாயின் வேதிப்பொருளைக் குறிக்கின்றன.

* ஐசிஆர்: லித்தியம் கோபால்ட் ஆக்சைடு. மின்னழுத்தம் 3.7 வோல்ட். கொள்ளளவு மிகுதி. வெப்பத்தைத் தாங்கும் தன்மை குறைவு. மிகுந்த மின்னோட்டத்துக்கு ஏற்றதன்று.
* ஐஎம்ஆர்: லித்தியம் மாங்கனீசு ஆக்சைடு. 3.7 வோல்ட். உள்மின்தடை குறைவு. கோபால்ட்டு வகையை விட வெப்பத்தைத் தாங்கும்.
* ஐஎன்ஆர்: நிக்கல் கலந்த ஆக்சைடு. 3.6 வோல்ட். கொள்ளளவும் மின்னோட்டத் திறனும் ஒருங்கே அமைந்தது. இன்றைய தரமான 18650 மின்கலங்களில் பல இவ்வகையின.
* ஐஎஃப்ஆர்: லித்தியம் இரும்புப் பாசுபேட்டு. 3.2 வோல்ட். வெப்ப நிலைப்புத்தன்மை மிகுதி. நீண்ட ஆயுள். கொள்ளளவு குறைவு.

முதல் மூன்று வகைகளின் முழு மின்னேற்ற மின்னழுத்தம் பொதுவாக 4.2 வோல்ட். இரும்புப் பாசுபேட்டு வகைக்கு அது 3.65 வோல்ட் மட்டுமே. ஆகவே 4.2 வோல்ட் மின்னேற்றியில் இரும்புப் பாசுபேட்டு மின்கலத்தை இடுதல் மிகைமின்னேற்றம் ஆகும். மேலும் 3.7 வோல்ட்டுக்கென வடிவமைத்த சீரொளியில் 3.2 வோல்ட் மின்கலம் முழுத்திறனைத் தராமல் போகலாம். கருவி எந்த மின்னழுத்தத்துக்கு வடிவமைக்கப்பட்டது என்பதை அறிந்த பின்னரே இவ்வகையைத் தெரிவு செய்ய வேண்டும்.

இடர்கள்

லித்தியம் மின்கல விபத்துகளின் அடிப்படை, வெப்பம் வெப்பத்தைப் பெருக்கும் தொடர்வினை ஆகும். மின்கலத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 80 முதல் 120 பாகை செல்சியசை அடையும் போது, எதிர்மின்வாயின் மீதுள்ள காப்புப்படலம் சிதைந்து வெப்பத்தை வெளியிடத் தொடங்குகிறது. 130 பாகை அளவில் பாலியெத்திலீன் பிரிப்பான் உருகுகிறது. மின்வாய்கள் ஒன்றையொன்று தொட்டு உட்புறக் குறுக்குச்சுற்று ஏற்படுகிறது. அதற்கும் மேலே நேர்மின்வாய் சிதைந்து ஆக்சிசனை வெளியிட, மின்பகுளி தீப்பற்றுகிறது. எரிவதற்கான ஆக்சிசன் உள்ளேயே உருவாவதால் காற்றை அடைத்து மட்டும் இத்தீயை அணைக்க முடியாது. மின்பகுளியில் உள்ள உப்பு சிதையும் போது ஐதரசன் புளோரைடு என்னும் நச்சுவளியும் உருவாகிறது.

இத்தொடர்வினையைத் தொடங்கி வைக்கும் காரணங்கள் வருமாறு:

* மிகைமின்னேற்றம்
* வெளிப்புறக் குறுக்குச்சுற்று
* தாங்கும் அளவுக்கு மேற்பட்ட மின்னோட்டம்
* நசுங்குதல், துளைபடுதல், கீழே விழுதல்
* வெளிவெப்பம்
* உற்பத்தியின் போது உள்ளே சிக்கிய உலோகத் துகள்கள்
* முற்றிலும் தீர்ந்துபோன மின்கலத்தை மீண்டும் மின்னேற்றுதல்

கடைசிக் காரணம் பலருக்கும் தெரியாதது. மின்கலம் மிகவும் தாழ்ந்த மின்னழுத்தத்துக்கு இறங்கும் போது எதிர்மின்வாயின் செப்பு கரைந்து மின்பகுளியில் கலக்கிறது. மீண்டும் மின்னேற்றும் போது அது உலோகமாகப் படிந்து உட்புறக் குறுக்குச்சுற்றை உண்டாக்கலாம். ஆகவே நீண்டகாலம் கவனிக்காமல் விட்டு 2 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிய மின்கலத்தை உயிர்ப்பிக்க முயலாமல் அகற்றிவிடுவதே பாதுகாப்பானது.

2006 ஆம் ஆண்டில் டெல் நிறுவனம் 41 இலட்சம் மடிக்கணினி மின்கல அடுக்குகளைத் திரும்பப் பெற்றது. அவற்றின் மின்கலங்களில் கலந்திருந்த உலோகத் துகள்களே சிக்கலுக்குக் காரணமாகக் கூறப்பட்டன. 2016 ஆம் ஆண்டில் சாம்சங் நிறுவனம் தன் செல்பேசி வகை ஒன்றை முழுவதுமாக விற்பனையிலிருந்து விலக்கியது. பெரிய நிறுவனங்களின் சோதனைகளையும் மீறி இவை நிகழ்ந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாட்டில் 2022 ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் வேலூரில் வீட்டில் மின்னேற்றத்தில் இருந்த மின்சார இருசக்கர ஊர்தி இரவில் தீப்பற்றியது. புகையில் சிக்கித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அவ்வாண்டில் நாட்டின் பல இடங்களில் இத்தகைய தீ விபத்துகள் நிகழ்ந்ததைத் தொடர்ந்து, ஊர்தி மின்கல அடுக்குகளுக்கான ஏஐஎசு-156 விதிமுறைகள் கடுமையாக்கப்பட்டு, 2022 திசம்பர் முதலும் 2023 மார்ச்சு இறுதி முதலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. ஊர்தியின் மின்கல அடுக்கும் கையடக்கச் சீரொளியின் ஒற்றை மின்கலமும் அளவில் வேறுபட்டவை. ஆயினும் உள்ளே நிகழும் வேதிவினை ஒன்றே. இரவில் உறங்கும் இடத்தில், வெளியேறும் வழியில் மின்னேற்றம் செய்யக்கூடாது என்னும் பாடம் இரண்டுக்கும் பொருந்தும்.

சீரொளிக்கே உரிய இடர்கள்

சீரொளியின் உலோக உடல் டயோடின் வெப்பத்தை வெளியேற்றும் தகடாகவும் பயன்படுகிறது. மேற்கூறிய 5.3 வாட் எடுத்துக்காட்டில் ஒளியாக வெளியேறுவது ஒரு வாட் அளவே. எஞ்சிய 4 வாட்டுக்கும் மேற்பட்ட ஆற்றல் மின்கலம் இருக்கும் அதே குழாயை வெப்பமாக்குகிறது. ஆகவே உற்பத்தியாளர் குறிப்பிடும் இயக்க நேரத்தை, பொதுவாக ஓரிரு நிமிடங்கள், மீறாமல் இருப்பது டயோடுக்கு மட்டுமன்றி மின்கலத்துக்கும் பாதுகாப்பாகும்.

நீர் புகாவண்ணம் இறுக மூடிய குழாயில் வளி வெளியேற வழியில்லை. மின்கலம் வெளியிடும் வளியின் அழுத்தம் கூடி, குழாயின் முன்புறமோ பின்மூடியோ எறிகணை போலத் தெறிக்கலாம். திறந்த மேசையில் புகையோடு முடியக்கூடிய ஒரு பழுது, மூடிய குழாயில் வெடிப்பாக மாறுவது இதனாலேயே ஆகும். கருவி வழக்கத்துக்கு மாறாகச் சுடும் போதோ, இனிய கரைப்பான் மணம் வீசும் போதோ, சீறும் ஒலி கேட்கும் போதோ, மூடியைத் திறக்க முயலாமல் அதனைத் திறந்தவெளியில் வைத்துவிட்டு விலகிச் செல்ல வேண்டும்.

இரண்டு மின்கலங்களைத் தொடராக இணைக்கும் கருவிகளில் மற்றோர் இடர் உண்டு. ஒன்று மற்றொன்றைவிட முன்னதாகத் தீர்ந்துவிட்டால், வலுவான மின்கலம் தீர்ந்த மின்கலத்தின் வழியே மின்னோட்டத்தைத் தொடர்ந்து செலுத்தி அதன் முனைகளைத் தலைகீழாக்கும். எனவே தொடரிணைப்பில் ஒரே நிறுவனத்தின், ஒரே வகையைச் சேர்ந்த, ஒன்றாக வாங்கி ஒன்றாகவே பயன்படுத்திய இணைகளை மட்டுமே இட வேண்டும். வாய்ப்பிருந்தால் ஒற்றை மின்கலக் கருவியையே தெரிவு செய்வது நன்று.

சில சீரொளிகளில் மின்கலத்தின் நேர்முனை பின்மூடியை நோக்கி இருக்குமாறு இட வேண்டும். சாதாரணக் கைவிளக்கின் பழக்கத்தில் மாற்றி இட்டால் இயக்கிச் சுற்று பழுதடையும். கருவியுடன் வரும் குறிப்பைப் படிக்காமல் மின்கலத்தை இடுதல் கூடாது.

மின்கலத்தைத் தெரிவு செய்தல்

மின்னோட்டத் திறன்

கருவி எடுக்கும் உச்ச மின்னோட்டத்தை விட மின்கலத்தின் தொடர் மின்னிறக்கத் திறன் குறைந்தது ஒன்றரை மடங்கு இருப்பது நல்லது. கொள்ளளவை ஒரு மணி நேரத்தில் தீர்க்கும் மின்னோட்டம் 1சி எனப்படும். 2500 மில்லியாம்பியர்-மணி மின்கலத்துக்கு 1சி என்பது 2.5 ஆம்பியர் ஆகும். 700 மில்லியாம்பியர்-மணி கொண்ட 16340 மின்கலத்துக்கோ அது 0.7 ஆம்பியர் மட்டுமே. முன்னர்க் கண்ட 1.4 ஆம்பியர் சுமை 18650 மின்கலத்துக்கு 0.6சியாகவும் 16340 மின்கலத்துக்கு 2சியாகவும் அமைகிறது. ஒரே சீரொளி ஒரு மின்கலத்துக்கு எளிய சுமையாகவும் மற்றொன்றுக்குக் கடும் சுமையாகவும் இருப்பதை இது காட்டுகிறது.

பொதுவாகக் கொள்ளளவும் மின்னோட்டத் திறனும் எதிரெதிராகச் செல்லும். எடுத்துக்காட்டாக, சாம்சங் 25ஆர் வகை 2500 மில்லியாம்பியர்-மணியும் 20 ஆம்பியரும், எல்ஜி எச்ஜி2 வகை 3000 மில்லியாம்பியர்-மணியும் 20 ஆம்பியரும் கொண்டவை. 3400, 3500 மில்லியாம்பியர்-மணி வகைகள் பெரும்பாலும் இதனினும் குறைந்த மின்னோட்டத்தையே தரக்கூடியவை.

உள்மின்தடை

புதிய தரமான 18650 மின்கலத்தின் உள்மின்தடை சில பத்து மில்லி ஓம் அளவில் இருக்கும். 50 மில்லி ஓம் மின்தடையில் 5 ஆம்பியர் பாயும் போது மின்கலத்துக்குள் 1.25 வாட் வெப்பம் உருவாகும். பழைய மடிக்கணினியிலிருந்து பிரித்தெடுத்த மின்கலத்தின் மின்தடை 150 மில்லி ஓம் எனில், அதே மின்னோட்டத்தில் 3.75 வாட் வெப்பம் உருவாகும். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பழைய மின்கல அடுக்கிலிருந்து எடுத்து, புது உறையிட்டு விற்கப்படும் மின்கலங்கள் உயர்திறன் சீரொளிக்கு ஏற்றவை அல்ல.

பொய்யான கொள்ளளவு

18650 அளவில் கொள்ளளவு பொதுவாக ஏறத்தாழ 3600 மில்லியாம்பியர்-மணி வரையே இருக்கும். உறையின் மீது 5000, 6800, 9900 என அச்சிடப்பட்டிருந்தால் அது பொய் என ஐயமின்றிக் கொள்ளலாம். எடையும் ஓர் அடையாளமாகும். தரமான 18650 மின்கலம் பொதுவாக 44 முதல் 50 கிராம் எடையுடையது. அதனினும் மிகக் குறைந்த எடையுள்ளதைத் தவிர்க்க வேண்டும். நகைக்கடைத் தராசு போன்ற சிறு மின்னணுத் தராசில் இதனை எளிதில் சோதிக்கலாம்.

பாதுகாப்புச் சுற்று

சில மின்கலங்களின் அடிப்பகுதியில் சிறிய மின்னணுச் சுற்று ஒன்று இணைக்கப்பட்டுள்ளது. மிகைமின்னேற்றம், மிகைமின்னிறக்கம், குறுக்குச்சுற்று ஆகியவற்றின் போது இது மின்தொடர்பைத் துண்டிக்கும். இவை 65 மி.மீக்கு மாறாக 67 முதல் 70 மி.மீ. நீளம் இருக்கும். இடம் போதாத குழாயில் இதனை அழுத்தித் திணித்தால் சுற்றும் மின்கலமும் சேதமடையும். முன்னணி உற்பத்தியாளர்கள் தம் வெற்று மின்கலங்கள் பாதுகாப்புச் சுற்றுடன் கூடிய அடுக்குகளில் பயன்படுத்தவே செய்யப்பட்டவை என்றும், தனித்தனியே கையாள்வதற்கு அல்ல என்றும் எச்சரிக்கின்றனர். கருவிக்குள்ளேயே குறைமின்னழுத்தத் துண்டிப்பு இல்லையெனில் பாதுகாப்புச் சுற்றுள்ள மின்கலத்தையே தெரிவு செய்ய வேண்டும்.

இந்தியத் தரக்குறி

இந்தியாவில் விற்கப்படும் கையடக்கப் பயன்பாட்டு லித்தியம் மின்கலங்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு தேவை. இதற்கான தரம் ஐஎசு 16046 பகுதி 2 ஆகும். இது பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 62133-2 தரத்தை ஒட்டியது. மின்கலத்தின் மீது தரக்குறியும், ஐஎசு எண்ணும், ஆர் என்னும் எழுத்துடன் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இப்பதிவு எண் உண்மையானதா என அமைவனத்தின் செயலி வழியாகச் சரிபார்க்கலாம்.

மின்னேற்றம்

லித்தியம் மின்கலங்கள் இரு கட்டங்களாக மின்னேற்றப்படுகின்றன. முதலில் மாறா மின்னோட்டத்தில் 4.2 வோல்ட் வரையிலும், பின்னர் அம்மின்னழுத்தத்தை மாற்றாமல் மின்னோட்டம் தானாகக் குறையும் வரையிலும் ஏற்றப்படும். நல்ல மின்னேற்றி இதன் முடிவில் மின்னோட்டத்தை முற்றிலும் நிறுத்திவிடும். பொருத்தமான மின்னோட்டம் பெரும்பாலும் 0.5சி ஆகும். 2500 மில்லியாம்பியர்-மணி மின்கலத்தை 1 ஆம்பியரில் முழுதாக ஏற்ற ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். 16340 போன்ற சிறிய மின்கலத்துக்கு 1 ஆம்பியர் மிகுதி. மின்னோட்டத்தை மாற்றியமைக்கும் வசதி இல்லாத மின்னேற்றியில் இதனை இடுதல் தகாது.

மின்னேற்றும் போது பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்:

* மெத்தை, பாய், மரமேசை ஆகியவற்றைத் தவிர்த்து, சிமெண்டுத் தரை, பீங்கான் ஓடு போன்ற எரியாத பரப்பின் மீது வைக்க வேண்டும்.
* உறங்கும் போதும் வீட்டில் ஆளில்லாத போதும் மின்னேற்றக் கூடாது.
* சுடும் மின்கலத்தை உடனே ஏற்றாமல் அறை வெப்பநிலைக்கு ஆறவிட வேண்டும்.
* 0 பாகை செல்சியசுக்குக் கீழே மின்னேற்றக் கூடாது. லித்தியம் உலோகமாகப் படியும்.
* உறை கிழிந்த, துருப்பிடித்த, அமுங்கிய மின்கலத்தை ஏற்றக் கூடாது.

சேமிப்பும் பயணமும்

நீண்ட நாள் பயன்படுத்தாத மின்கலத்தை 40 முதல் 60 விழுக்காடு மின்னேற்றத்துடன், கருவியிலிருந்து வெளியே எடுத்து, மூடியுள்ள நெகிழிப் பெட்டியில் வைக்க வேண்டும். சட்டைப்பையில் சாவி, நாணயங்கள் ஆகியவற்றுடன் இட்டால் அவை முனைகளை இணைத்துக் குறுக்குச்சுற்றை உண்டாக்கும். முழு மின்னேற்றமும் வெப்பமும் சேர்ந்தால் ஆயுள் விரைவாகக் குறையும். கடலூர் மாவட்டத்தின் திட்டக்குடி, விருத்தாச்சலம் போன்ற உள்பகுதி ஊர்களில் கோடைப் பகல் வெப்பநிலை 40 பாகை செல்சியசை எட்டுவது உண்டு. அந்நேரத்தில் வெயிலில் நிறுத்திய மகிழுந்தின் உட்பகுதி அதனினும் மிகுதியாகச் சூடேறும். ஆகவே மகிழுந்தின் முன்தட்டிலோ, தகரக் கூரையின் கீழோ, சமையலறை அடுப்பின் அருகிலோ மின்கலங்களை வைத்தல் கூடாது.

வானூர்திப் பயணத்தில் உதிரி லித்தியம் மின்கலங்களைக் கைப்பையில் மட்டுமே எடுத்துச் செல்லலாம். சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் இடக்கூடாது. முனைகள் மூடப்பட்டிருக்க வேண்டும். 2500 மில்லியாம்பியர்-மணி, 3.6 வோல்ட் மின்கலத்தின் ஆற்றல் 9 வாட்-மணி ஆகும். இது 100 வாட்-மணி என்னும் பொது வரம்புக்குள் அடங்கும். ஆனால் மின்கலத்துக்கு இசைவு உண்டு என்பதால் உயர்திறன் சீரொளிக்கும் இசைவு உண்டு எனக் கொள்ளலாகாது. சீரொளியை வானூர்தியை நோக்கிக் காட்டுவது விமானியின் கண்ணைக் கூசச் செய்து பலரது உயிருக்கு இடர் விளைவிக்கும் குற்றமாகும்.

விபத்து நேர்ந்தால்

புகை வரும் மின்கலத்தைக் கையால் எடுக்கக் கூடாது. அறையில் உள்ளோரை, குறிப்பாகக் குழந்தைகளையும் முதியோரையும், முதலில் வெளியேற்ற வேண்டும். புகை நச்சுத்தன்மை கொண்டதாதலால் அதனைச் சுவாசிக்காமல் கதவு, சன்னல்களைத் திறந்துவிட வேண்டும். மின்னேற்றியில் உள்ளதெனில், பாதுகாப்பாக எட்ட முடிந்தால் மட்டும் முதன்மை மின்னிணைப்பைத் துண்டிக்கலாம். லித்தியம் அயனி மின்கலத்தில் உலோக லித்தியம் தனியே பயன்படுத்தப்படுவதில்லை. ஆகவே மின்னிணைப்புத் துண்டிக்கப்பட்ட பின்னர் மிகுதியான நீரை ஊற்றிக் குளிர்விப்பது பயன்தரும். தீ அணைந்தது போலத் தோன்றினாலும் சில மணி நேரம் கழித்து மீண்டும் பற்றக்கூடும். தீயணைப்புத் துறையை 101 அல்லது 112 என்னும் எண்ணில் அழைக்கலாம். மின்பகுளி தோலிலோ கண்ணிலோ பட்டால் நீரால் நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

அகற்றல்

ஆயுள் முடிந்த லித்தியம் மின்கலத்தைக் குப்பைத் தொட்டியில் இடுதலும் எரித்தலும் கூடாது. குப்பை வண்டியில் நசுங்கும் போது அது தீப்பற்றி, துப்புரவுப் பணியாளர்களுக்கே முதல் இடரை விளைவிக்கும். இந்திய அரசின் 2022 ஆம் ஆண்டு மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்கள், இறக்குமதியாளர்கள் மீது சுமத்துகின்றன. பயனர் அதனை மற்றக் கழிவுகளுடன் கலக்காமல் தனியே ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும் வரை இரு முனைகளிலும் காப்பு நாடா ஒட்டி, எரியாத கலத்தில், எரியும் பொருள்களிலிருந்து தள்ளி வைப்பது பாதுகாப்பானது. கோபால்ட்டு, நிக்கல், லித்தியம், செப்பு ஆகியவை இம்மின்கலங்களிலிருந்து மீட்டெடுக்கப்படுகின்றன.